சுவருக்கே திரும்பிய ஒயர்

கல்லூரி ஆபீசில் புதுப் போன் அலறியது. திரையில் 'முதல்வர்' என்று மின்னியது. ஹெட் கிளார்க் பாய்ந்து விரலை வைத்தார். மணி நின்றது.

"போச்சும்மா! கட் ஆயிடுச்சு!"

"சிவப்பை அமுக்கினா கட் ஆகாம என்ன சார் ஆகும்? பச்சையை அமுக்கணும்," என்றாள் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட்.

பழைய போன்களை முந்தின நாள்தான் மூட்டை கட்டியிருந்தார்கள். இனி எல்லாம் இன்டர்நெட் வழியாம். "என் போனை எடுக்காதவங்க கிளைக் கல்லூரிக்குப் போகவேண்டியதுதான்" என்று முதல்வர் காலையிலேயே எச்சரித்திருந்தார். கிளை மலைக்கு அந்தப் பக்கம். ஹெட் கிளார்க்கின் மகளுக்கோ இது பரீட்சை வருஷம்.

மறுபடி மணி. பச்சையை அமுக்கு அமுக்கென்று அமுக்கியதில் திரை அப்படியே உறைந்துவிட்டது.

"பிடுங்கி மாட்டினா சரியாயிடும்." வீட்டு டிவிக்கு அவர் பார்க்கும் வைத்தியம் அது. போனிலிருந்த இரண்டு ஒயரையும் இரு நுனியிலும் பிடுங்கினார்.

"ஐயோ சார்! அந்தப் போன் வழியாத்தான் என் கம்ப்யூட்டருக்கு நெட் வருது!"

"இரும்மா, கத்தாதே!" மேஜைக்கடியில் தவழ்ந்தார். சுவரில் இரண்டு ஓட்டை, கையில் இரண்டு ஒயர். கணக்குச் சரியாக இருக்கவே இரண்டையும் சுவரில் சொருகி, மறுநுனிகளைப் போனில் மாட்டினார்.

நூலகத்தில் கூச்சல். பரீட்சைப் பிரிவில் கூச்சல். கல்லூரி நெட்டைக் கவனிக்கும் ஆள் மூச்சிரைக்க ஓடிவந்து குனிந்து பார்த்தான்.

"சுவத்துலேர்ந்து வந்த நெட்டைப் போன் வழியாச் சுவத்துக்கே திருப்பி விட்டிருக்கீங்க! சுத்திச் சுத்தி மொத்தக் காலேஜ் நெட்டும் படுத்துடுச்சு சார்!"

செல்போனில் முதல்வருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு ஒயரை அவன் உருவுவதற்குள் வாசலில் முதல்வரின் பியூன் நின்றான். ஹெட் கிளார்க் எழுந்து நின்றார்.

"மாத்தல் ஆர்டரா?"

"மாத்தலா? அங்கே அவர் சிரிச்சுட்டு உக்காந்திருக்கார் சார்!"

ஹெட் கிளார்க் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! எதுக்குய்யா சிரிக்கிறார்?"

பியூன் குரலைத் தாழ்த்தினான். "மேலிடத்து ஆளுங்க வீடியோ மீட்டிங்ல அவரைக் கேள்வி கேட்டே கொன்னுட்டிருந்தாங்க, நல்ல நேரத்துல நெட்டு போச்சு, சாப்பாட்டுக்கப்புறம் மறுபடி கூப்பிடுவாங்களாம், அப்பவும் இதே மாதிரி சொருகச் சொன்னார்!"