இடது வரிசைக் குரல்

"உன் குரலைத் தவிர மிச்சம் எல்லாம் கேக்குது" என்றார் லிஃப்ட்காரர், ஸ்பீக்கர் பெட்டிக்குள் பாதித் தலையை விட்டபடி.

துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரவில்லை. "கேக்காட்டி விடுங்களேன். என் குரலைத்தான் தினமும் கேக்குறீங்களே."

"அது திட்டுற குரல். நான் தேடுறது பாடுற குரல்."

லிஃப்ட்காரருக்கு இருபது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கூண்டு ஒரு பக்கம், அதற்குச் சரியான எதிர் எடை மறுபக்கம். இரண்டும் சமமாகத் தொங்கினால் உலகத்தில் எந்தச் சிக்கலும் இல்லை என்பது அவர் கட்சி. அந்த நம்பிக்கையோடுதான் பிளைவுட் வாங்கி, அறுத்து, ஒட்டி, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தன் கையாலேயே செய்திருந்தார்.

பெட்டிக்கு ஒன்றாக உள்ளங்கை அகலத்தில் ஒரு கூம்பு. கடையில் இருந்ததிலேயே மலிவான ஃபுல்ரேஞ்ச். டிரம்மின் கும்மிலிருந்து மணியின் கிணுகிணு வரைக்கும் அந்த ஒற்றைக் கூம்பேதான் சமாளிக்க வேண்டும். மலிவான கூம்பு என்றால் நடுவில் கொஞ்சம் கத்தும், அடியில் கொஞ்சம் பதுங்கும். கத்தலை ஒரு கம்பிச்சுருளும் ரெசிஸ்டரும் வைத்து அடக்கினார். பெட்டிக்குள் எழுந்த எதிரொலியைத் தலையணைப் பஞ்சு வைத்து அடக்கினார். பஞ்சைச் சமையலறைத் தராசில் போட்டு, இரண்டு பெட்டிக்கும் ஒரு கிராம் பிசகாமல் பிரித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே வந்திருந்தது.

வம்பு மனைவியின் பாட்டில் வந்தது. மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் கவுன்டரில் அவளுக்கு வேலை. ஆண்டு விழாவில் ஊழியர்கள் இருபது பேர் சேர்ந்து பாடினார்கள். இடது பக்கம் பத்துப் பேர், வலது பக்கம் பத்துப் பேர், பக்கத்துக்கு ஒரு மைக். இடது மைக் பிடித்தது இடது ஸ்பீக்கரிலும் வலது மைக் பிடித்தது வலதிலும் கேட்கும்படி ஒலிப்பதிவு. அவள் இடது வரிசை. அன்றைக்கென்று பார்த்து ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று தொலைத்ததில், லிஃப்ட்காரர் விழாவுக்குப் போக முடியவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் மேடையேறியது அன்று ஒரு நாள்தான். அதைத் தவறவிட்டது அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு கைக்கு வந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், மொத்தக் குழுவையும் சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். "ஒவ்வொருத்தர் குரலும் தனித்தனியா கேக்கும்! வந்து கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

இதைக் கேட்டதும் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது திங்கட்கிழமை. வலது பெட்டி கணீரென்று பாடியது. இடது பெட்டியோ அடுத்த வீட்டில் யாரோ பாடுவதுபோல் முனகியது.

"பஞ்சு ஜாஸ்தி, குரலை அமுக்குது" என்று இடது பெட்டியிலிருந்து பாதிப் பஞ்சை உருவினார். முனகல் அப்படியே இருந்தது. புதிதாகப் பானைக்குள் பேசுவதுபோல் ஒரு 'கொம்' சேர்ந்துகொண்டது. உருவிய பஞ்சு திரும்ப உள்ளே போனது.

"வேற பாட்டு போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"வேற பாட்டுல உன் குரல் இருக்கா?"

அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை மச்சினன் வந்தான். மனைவிக்குத் தம்பி, பெரிய கடையில் விலை உயர்ந்த ஸ்பீக்கர் விற்பவன். சோபாவில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"மாமா, இந்தக் கூம்பெல்லாம் பொம்மைக்குள்ள வைக்கிறது. இதுல போய் யார் குரலைத் தேடுறீங்க?"

"உங்க அக்கா குரலைத்தான்."

"அக்காவா? பாட்டா?" என்று நிமிர்ந்தவன், அக்கா பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டு, "நல்ல கூம்புதான் மாமா" என்றான்.

"பெட்டியில கோளாறா, இடத்துல கோளாறான்னு இப்பத் தெரிஞ்சுடும் பாரு" என்ற லிஃப்ட்காரர் ஒயர்களைக் கழற்றி, இடது பெட்டியை வலப்பக்கமும் வலது பெட்டியை இடப்பக்கமும் தூக்கி வைத்து, அந்தந்தப் பக்கத்து ஒயரையே அங்கங்கே மாட்டினார். இடம் மாறியும் இடது பக்கம்தான் முனகியது.

"பாத்தியா! என் பெட்டி ரெண்டும் பத்தரை மாத்து. இந்த இடது பக்கச் சுவர்தான் சத்தத்தைத் தின்னுது."

சத்தத்தைத் தின்னும் குற்றத்துக்காக ஜன்னல் திரை முதலில் கழற்றப்பட்டது. பிறகு கம்பளம் போனது. பிறகு துணி அலமாரி நடைவழிக்கு நாடு கடத்தப்பட்டது. புதன்கிழமை மாலை அவர்கள் டீ குடித்ததை எதிர்வீட்டுக் குடும்பம் பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்தது. குளியலறைக்குப் போக வேண்டுமானால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே மூச்சை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது.

"என்னங்க, எனக்கு நல்லாவே கேக்குது. அப்படியே விட்டுடுங்க" என்றாள் மனைவி.

"நீ என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற. எனக்குத் தெரியாதா?"

வியாழக்கிழமை அவர் எதிர் எடைச் சூத்திரத்தைக் கையில் எடுத்தார். இடதை ஏற்ற முடியாவிட்டால் வலதை இறக்கு. வலப்பக்கம் ஒரு ரெசிஸ்டர் போட்டார். இப்போது இரண்டு பக்கமும் ஒற்றுமையாக முனகின. சரியென்று வால்யூமைக் கடைசி வரை திருகினார். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

"தாளம் போடுறார், ரசிகர்" என்றார் லிஃப்ட்காரர்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவருக்கு ஞானம் பிறந்தது. முன்பக்கப் பலகை அகலமாக இருந்தால் சின்னக் கூம்பின் குரல் பின்னால் நழுவிப் போகாமல் முன்னால் வரும். இது அவர் படித்து வைத்திருந்த உண்மை. வீட்டில் அகலமான நல்ல பலகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மனைவி வேலைக்குப் போகும்வரை காத்திருந்து, கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றி, வட்டமாக ஓட்டை போட்டு, இடது கூம்பை அதில் பொருத்தினார்.

சாயங்காலம் அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டில் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது.

"என்ன மனுஷன் நீங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"இரு, இரு, கத்தாதே! வருது!"

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அகலப் பலகையிலிருந்து, எல்லாக் குரலுக்கும் பின்னால், மெலிதாக, நூலிழைபோல ஒரு குரல் வந்தது. அவர் தவழ்ந்து போய்ப் பலகையில் காதை வைத்துக்கொண்டார்.

"கேக்குதும்மா. ரெண்டாவது சரணத்துல நீ கொஞ்சம் இழுக்கிற. இவ்வளவு இனிமையான குரலை வச்சுக்கிட்டு ஏன் என்கிட்ட ஒரு நாள்கூடப் பாடிக் காட்டலை?"

திட்டுவதற்காகவே எழுந்து வந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டாள். கடைசியில், "நிஜமாவே கேக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"காது குளிரக் கேக்குது."

அவள் கட்டிலைப் பற்றி அதற்கப்புறம் பேசவே இல்லை.

சனிக்கிழமை நாலு மணிக்குக் குழு வந்தது. எல்லோரும் அலமாரியைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மருந்தக மேடம் சோபாவின் நடுவில் அமர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மச்சினன். வாசலோரம் ஆம்புலன்ஸ் டிரைவர். பேச்சே குறைவான, பெரிய உடம்புக்காரர்.

லிஃப்ட்காரர் பாட்டைப் போட்டார். அறையே நிறைந்தது. கத்தல் இல்லை, கொம் இல்லை. மேடம்கூடப் புருவத்தை உயர்த்தினார்.

"இந்த மலிவுக் கூம்பிலா மாமா இவ்வளவு!" என்றான் மச்சினன்.

"பேசாதே, ரெண்டாவது சரணம் வருது. இதோ... இதோ! இடது பக்கம், லேசா இழுக்குது பாருங்க. அதுதான் என் வீட்டுக்காரி!"

இடது வரிசைக்காரர்கள் தத்தம் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்கள். மேடத்துக்கு இருமல் வந்தது. அடுத்த தட்டு டீயோடு வந்த மனைவி அதே வேகத்தில் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

"ரொம்ப... தெளிவா இருக்கு சார்" என்றார் மேடம் ஒருவழியாக.

லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. உற்சாகத்தில் இடது வரிசைக் குரல்களை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினார். "இது உங்க குரல்தானே? கொஞ்சம் கீச்சு. இது நீங்க. மூக்கால பாடுறீங்க, அடுத்த வாட்டி பாத்துக்குங்க." யாரும் மறுக்கவில்லை. மச்சினன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அக்கா பாசத்தில் அழுகிறான் என்று லிஃப்ட்காரர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். கடைசியாக ஆம்புலன்ஸ் டிரைவர் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க குரலும் கிடைச்சுது, கவலைப்படாதீங்க" என்றார் லிஃப்ட்காரர். "என் வீட்டுக்காரிக்குப் பக்கத்துலதானே நின்னீங்க? நல்ல கனமான குரல். கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்."

டிரைவர் நிமிர்ந்து, நெகிழ்ந்துபோய், லிஃப்ட்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இடது வரிசைக்குச் சுருதியே சேரலைன்னு பத்துப் பேரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்க மேடம், அதையே இவ்வளவு தெளிவா கேக்க வச்சுட்டீங்களே சார்!"