உள்விளக்குப் பண்ணாடி

மோட்டார் வாங்குகிறவர்களில் இரண்டு ஜாதி. ஊர் போய்ச் சேர வாங்குகிறவர் ஒன்று; போகிறதை ஊர் பார்க்க வாங்குகிறவர் மற்றொன்று. இரண்டாம் ஜாதிக்குப் பகலெல்லாம் கவலையில்லை. இருட்டிவிட்டால்? உள்ளே இருப்பது பண்ணாடியா பருத்தி மூட்டையா என்று யார் கண்டது? இந்த அநீதியைத் தீர்க்கத்தான் மோட்டாரின் கூரையில் ஒரு குட்டி விளக்கு வைத்திருக்கிறார்கள் என்பது புதுச்சத்திரத்துப் பெரிய நிலக்காரர் நாச்சிமுத்துப் பண்ணாடியின் தீர்மானம்.

அன்று மகள் சௌந்திரத்தின் கல்யாண விஷயமாக, மனைவியோடு பரமத்தி வேலூருக்குப் பயணம். பொழுது சாய்ந்து நாமக்கல் கடைவீதிக்குள் மோட்டார் நுழைந்ததும், ஜரிகைத் தலைப்பாகையைச் சரிசெய்து, அங்கவஸ்திரத்தை நெஞ்சில் பரப்பி, எதையோ ஆழ்ந்து யோசிக்கிறவர்போலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பண்ணாடி உள்விளக்கின் சுவிட்சைத் தட்டினார்.

டிரைவர் சின்னுசாமி தவித்தான். “முன்கண்ணாடியில உங்க மொகந்தானுங்க தெரியுது. ரோடு தெரியலீங்க.”

“அப்ப என் மொகத்தைப் பாத்து ஓட்டு.”

எப்படியோ வேலூர் வந்து, மாப்பிள்ளையின் அப்பா, வெற்றிலைக் கொடிக்கால்காரர் சரவணமுத்து வீட்டு வாசலில், உள்விளக்கு எரிந்தபடியே வண்டி நின்றது. பண்ணாடி வெளியே பார்த்தார். ஒரே இருட்டு.

“பாத்தியா கண்ணாத்தா, வாங்கன்னு சொல்ல ஒருத்தனக் காணம். வரட்டும். ஏழு எடத்துல பொண்ணு கேட்டாங்கன்னு எடுத்த எடுப்புலயே போடறேன்.” கைக்கண்ணாடியை எடுத்து மீசையை முறுக்கினார். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. எச்சில் தொட்டு மறுபடி முறுக்கினார். பொய்ப்பல்லைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“எந்த ஏழுங்க?” என்றாள் மனைவி. “வந்த ரெண்டும் உங்க முறுக்கைப் பாத்துத்தான் ஓடிப் போச்சு. இதுவும் போனா சௌந்திரத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

பண்ணாடி கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“எனக்கும் பயந்தான் புள்ள. பயத்துலதான் முறுக்கறேன். அவங்க வேண்டாம்னுட்டா, எம் பொண்ணு மொகத்துல எப்படி முழிக்கறது?”

சின்னுசாமி பொறுக்கமாட்டாமல் விளக்கை அணைத்தான்.

இருட்டு மெல்லக் கலைந்தது. ஜன்னலுக்கு இரண்டடியில் சரவணமுத்து கை கூப்பியபடி நின்றார். பக்கத்தில் அவர் மனைவி ராஜம்மாள். பின்னால் அண்ணன் தம்பிகள், அக்கம்பக்கத்தார், மாப்பிள்ளைப் பையன். கதவு திறக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தவர்கள். அரைவாசி இறக்கிய ஜன்னல் வழியாக ஒரு சொல் விடாமல் கேட்டவர்கள்.

பண்ணாடிக்கு இறங்கக் கால் வரவில்லை.

ராஜம்மாள்தான் கதவைத் திறந்தாள். “ஏழு எடம்னீங்க பாருங்க, அப்பவே திரும்பி ஊட்டுக்குள்ள போயிரலாம்னு இருந்தனுங்க. அப்புறம் பேசினதையும் கேட்டனுங்க. இத்தனை பாசத்துல வளந்த புள்ளைய விடறதுங்களா? எறங்கி வாங்க சம்பந்தி.”

தாம்பூலம் மாறியது. திரும்பும் வழியில் பண்ணாடி, வேஷம் கலைத்த கூத்துக்காரர்போல மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நாமக்கல் கடைவீதி வந்தது. பளீரென்று உள்ளே வெளிச்சம். சுவிட்சின்மேல் இருந்தது கண்ணாத்தாளின் கை.

“இன்னிக்கு ஒரு நாளைக்கு ஊரு பாக்கட்டுங்க” என்றாள்.

நம்மிடம் மோட்டாரே இல்லையே என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சரி. தெருவைப் பார்த்த ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் விளக்கைத் தூண்டிவிட்டு, இந்தப் புத்தகத்தை இவ்வளவு உயரத் தூக்கிப் பிடித்துப் படிக்கிறீர்களே, அது எதற்கு? வெளியே யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு நீங்கள் நன்றாகத் தெரிகிறீர்கள்.