சின்ன மருமகன் ஊதிய விசில்

திண்டிவனம்,
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

பெருமதிப்பிற்குரிய மாமா சவரிநாதன் அவர்களுக்கும், அன்பில் குறைவில்லாத அத்தைக்கும், தங்கள் மூத்த மருமகன் சகாயராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நானும் தங்கள் மூத்த மகள் லூர்துமேரியும், ஹாஸ்டலில் இருக்கும் தங்கள் பேத்தியும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறோம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். போன் செய்தால் தாங்கள் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். நான் பாதி சொல்வதற்குள் அத்தை, "அருணு பேசினாரா?" என்று குறுக்கே கேட்கிறார்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தங்கள் இளைய மருமகன் இருதய அருண் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. லூர்துமேரி இதை நம்பவில்லை. தாங்களாவது நம்ப வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக ஒழுங்காக இருந்த பையன், திடீரென்று வேலையை விட்டுவிட்டு, தங்கள் இளைய மகள் வெனிலாவையும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போகிறேன் என்று கிளம்பியபோது, அங்கே வேலை பார்த்து வைத்துவிட்டாயா என்று கேட்டவன் நான் ஒருவன்தான். "இன்னும் இல்ல சகல, போய்ப் பாத்துக்கலாம்" என்றான். வீடு? "அதுவும் போய்த்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானாக இருந்தால் சிரித்திருப்பேனா? திண்டிவனத்தில் சொந்தமாக பேனர் கடையும் சொந்த வீடும் வைத்திருக்கிற நானே தினமும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. அன்றைக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தாங்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். நான் லூர்துமேரியைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு கிளம்பிய நாளில் தாங்கள் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "சரி சரி, பஸ்ஸு பொறப்பட்டுடுச்சு, ஏறுங்க."

போகட்டும். ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவான் என்று நினைத்து எங்கள் மாடி அறையை ஒழித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரைகூட மாட்டி வைத்தேன். அவன் வந்து தலையைக் குனிந்து நிற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதையும் தயாராக வைத்திருந்தேன். நல்ல வார்த்தைகள் மாமா, எல்லாம் வீணாகப் போயின.

அவன் வரவில்லை. அங்கே நடந்ததைத் தாங்கள் உறவினர் எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுச் சொல்கிறீர்கள், அதனால் நான் சொல்கிறேன். போன மறுநாள் காலையில் இரண்டு பேரும் தங்க இடமில்லாமல் ஒரு பூங்கா ஓரம் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். பங்களா வீட்டிலிருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒரு பெரிய நாய் ஓடி வந்திருக்கிறது. அருணுக்கு நாய் என்றால் என்ன பயம் என்று எல்லோருக்கும் தெரியும். கோயில் தெருவில் ஒரு குட்டி குரைத்ததற்குத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றவன் அவன். ஓட இடமில்லாமல், பயத்தில், கழுத்தில் கிடந்த பழைய விசிலை எடுத்து ஊதியிருக்கிறான். நாய் சடாரென்று உட்கார்ந்துவிட்டது. பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்த பங்களாக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நாய் பழக்குறதுல பெரிய ஆளுங்களா நீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவனுக்குப் பயத்தில் பேச்சே வரவில்லை. அதை அந்த அம்மா அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவர் நடத்துவது நாய்களுக்கான விடுதி. வெளியூர் போகிறவர்கள் நாயைக் கொண்டுவந்து விட்டுப் போவார்களாம். அதற்கு அருண்தான் மேனேஜர். விடுதி வளாகத்திலேயே வீடு. தேடிப்போன வேலையும் தேடாத வீடும் ஒரே கேட்டுக்குள் கிடைத்துவிட்டன. தாங்கள் இதைத் துணிச்சல் என்கிறீர்கள். நான் இதைப் பயம் என்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் லூர்துமேரி காபி டம்ளரோடு செல்போனையும் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். வெனிலாவின் ஸ்டேட்டஸ். வெனிலா மழையில் நிற்கிறாள், வெனிலா மலையைக் காட்டுகிறாள், அருண் விசில் ஊத நாய்கள் வரிசையாக நிற்கின்றன. "அங்க நாய்க்குக்கூட ஏசியாங்க" என்றாள் ஒரு நாள். எங்கள் மின்விசிறி அப்போது பார்த்துக் கிறீச்சென்றது.

இதையெல்லாம் பொறுத்தேன். ஈஸ்டர் விருந்தைத்தான் பொறுக்க முடியவில்லை. தாங்கள் வீடியோ காலில் அருணிடம் பேசிக்கொண்டே தட்டில் இருந்த நல்லி எலும்பைத் தூக்கிக் காட்டி, "இது உனக்குத்தான்யா" என்றீர்கள். பிறகு அதைத் தாங்களே சாப்பிட்டீர்கள். பக்கத்திலேயே, அதே பாயில், உயிரோடு உட்கார்ந்திருந்த மருமகன் நான். அதோடு விட்டீர்களா? "ஆம்பளன்னா அருணு மாதிரி இருக்கணும். வேலையுமில்ல, வூடுமில்ல, போயி நின்னான் பாரு" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். அன்றைக்கே முடிவு செய்தேன். நானும் போய் நிற்பேன். அதே கோயம்புத்தூரில் நிற்பேன்.

லூர்துமேரியிடம் புது பிரிண்டிங் மெஷின் பார்க்கச் சென்னைக்குப் போவதாகச் சொன்னேன். கடையைப் பூட்டியவன் சும்மா போயிருக்கலாம். வாடிக்கையாளர் தவிக்கக் கூடாதே என்று, 'உரிமையாளர் வெளியூர்ப் பயணம்' என்று ஒரு பேனர் அடித்து, நான் கைகூப்பிச் சிரிக்கிற போட்டோவைப் போட்டு, ஷட்டர் மேல் கட்டிவிட்டு பஸ் ஏறினேன். இந்த பேனரைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், அடுத்த நாள் கோயம்புத்தூரில் எனக்கு வந்த பேஜாரெல்லாம் இதனால்தான்.

கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதையானவர்கள். அதுதான் தொல்லை. முதல் வீட்டில் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஊரைப் பற்றியெல்லாம் விசாரித்து, "சந்தோசமுங்க, போயிட்டு வாங்க" என்று கைகூப்பி வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். எனக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. மற்ற வீடுகளில் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். வேலை தேடிப்போன இடத்தில் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வேலை இல்லாதவனுக்கு வீடு கிடையாதாம், வீடு இல்லாதவனுக்கு வேலை கிடையாதாம். நான் ஒரு விசில்கூட வாங்கிப் பார்த்தேன் மாமா. தெருநாய் ஒன்றின் எதிரே நின்று ஊதினேன். அது உட்காரவில்லை. அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஒரு பெரியவர் மனம் இரங்கினார். தகரக்கூரை போட்ட மாடி அறை. "குடும்பம் வர்றவரைக்கும் இருந்துக்கோங்க தம்பி" என்று சாவியை நீட்டிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. கடைக்குப் பக்கத்து டீக்கடை தென்னரசு. அழுகிற குரல். "அண்ணே, நீங்க உசுரோடதான இருக்கறீங்க?"

"ஏன்டா?"

"உங்க கடை வாசல்ல மாலை போட்டுக்கினு இருக்கறாங்கண்ணே. ஓமந்தூரு அம்மா ஒண்ணு மாரடிச்சிக்கினு அழுவுது. அவங்க பொண்ணு சடங்கு பேனரு இனிமே யாரு குடுப்பாங்கன்னு."

நான் கைகூப்பிச் சிரிக்கிற போட்டோ, மேலே 'பயணம்' என்ற வார்த்தை, பூட்டின கடை. வேறு என்ன நினைப்பார்கள்? நான் பதறிப்போய், "டேய், நான் சாவலடா! தலைமறைவாதான் இருக்கறேன், யார்கிட்டயும் சொல்லாத!" என்று கத்திவிட்டேன். பெரியவர் சாவியை மெதுவாக மடியில் செருகிக்கொண்டார். "சந்தோசமுங்க தம்பி, போயிட்டு வாங்க" என்றார். இந்த முறை உடனே புரிந்தது.

அதற்குள் லூர்துமேரிக்குச் செய்தி போய், அவள் கடைக்கு ஓடி, தன் கையாலேயே என் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு எனக்கு போன் செய்தாள். அழுகை நின்றதும் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். "மெஷினு பாக்கப் போனவரு கோயம்புத்தூர்ல இன்னா பண்றீங்க? அங்கியே நில்லுங்க. வெனிலாகிட்ட சொல்லிட்டேன். அருணு வர்றாரு." மாமா, அந்த ஊரில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அருண்தான் வந்தான். நாய் வண்டியில் வந்தான். முன் சீட்டில் காய்ச்சல் கண்ட நாய் ஒன்று போர்வை போர்த்திப் படுத்திருந்ததால், "சகல, கொஞ்சம் பின்னாடி ஏறிக்கிறீங்களா?" என்றான். கம்பிக்கூண்டுக்குள் இரண்டு நாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் தங்கள் இளைய மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே தங்கியிருந்த நேரமெல்லாம் குறை தேடினேன். ஸ்டேட்டஸில் காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றிருக்கும் என்று நம்பித்தான் போனேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன், அரிசி டப்பாவைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் நிறைவாக இருந்தது. வெனிலா கொஞ்சம் சதை பூசியிருக்கிறாள். கருவாட்டுக்குழம்பு வைத்தாள், அது அத்தை வைப்பதைவிட நன்றாக இருந்தது. (இந்த வரியை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.) நாயைக் கண்டு தொட்டி மேல் ஏறினவன், இப்போது அந்தக் காய்ச்சல் நாயை மடியில் போட்டு மருந்து புகட்டுகிறான். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "போவல சகல. அதுங்களுக்குத் தெரியாம பாத்துக்கறேன்" என்றான்.

அப்புறம் கேட்கவே கூடாது என்றிருந்ததையும் கேட்டுவிட்டேன். "எந்த தைரியத்துலடா ஒண்ணுமே இல்லாம வந்து எறங்கின?"

அவன் நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னான். "உங்கள நம்பித்தான் சகல. பஸ்ஸுல வெனிலா அழுதுக்கினே வந்தா. ஒண்ணும் சரிப்படலன்னா நேரா திண்டிவனம் போயிடலாம், சகல மாடிய ஒழிச்சிக் குடுப்பாரு, ரெண்டு திட்டு திட்டிட்டு சோறு போடுவாருன்னு சொன்னேன். அப்புறந்தான் அவ தூங்கனா."

கண்ணில் நாய் முடி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அங்கே நின்று யோசிக்க யோசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. இவன் தைரியம் என்று ஊரெல்லாம் கொண்டாடுகிறீர்களே, அது என் தைரியம் அல்லவா? என் மாடி அறை அல்லவா? ஈஸ்டர் அன்றைக்கு அந்த நல்லி எலும்பு நியாயப்படி யாருக்கு வந்திருக்க வேண்டும்? கிளம்பும்போது அருண், "நாய்ங்க ரூமுக்கெல்லாம் பேரு போட்டு போர்டு வேணும் சகல, அந்த வேலைய இங்கியே இருந்து பண்ணுங்களேன்" என்றான். மறுத்துவிட்டேன். நாய்க்குப் பெயர்ப் பலகை எழுதுவதற்கா நான் கோயம்புத்தூர் வந்தேன்?

ஆகவே மாமா, நான் சொல்ல வந்தது இதுதான். வேலையும் வீடும் பார்த்துக்கொள்ளாமல் ஊர் மாறுவது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம் அல்ல. நான் திண்டிவனத்தை விட்டு இனி எங்கேயும் போவதாக இல்லை, கடையும் வீடும் உள்ள மனிதனாக இங்கேயே நிமிர்ந்து வாழ்வேன். கிறிஸ்துமஸ் விருந்தில் தாங்கள் அருணைப் புகழ்வதாக இருந்தால், எனக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் நான் கொஞ்சம் தாமதமாக வருவேன். அத்தையை மாத்திரை மறக்காமல் போடச் சொல்லவும். தேவமாதா தங்கள் இருவரையும் நோய் நொடியின்றிக் காத்து, தங்கள் இரண்டு மருமகன்களையும் சம அளவில் ஆசீர்வதிப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மூத்த மருமகன்,
சகாயராஜ்.

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து உறை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால், லூர்துமேரி பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிவைத்துப் புடவை மடித்துக்கொண்டிருக்கிறாள். "பொண்ணு ஹாஸ்டல்ல இருக்குது. நமக்கு இங்க இன்னா வேல? நான் மைசூரு போறேன். வந்தா வாங்க" என்றாள். ஏன் மைசூர் என்று கேட்டேன். "கோயம்புத்தூரு போனா தங்கச்சி பின்னாலயே வந்துட்டான்னு சொல்லுவாங்க. மைசூர்ல வெனிலாவுக்கு ஒருத்தரையும் தெரியாது" என்றாள். இத்தனை நாளாக இந்த வீட்டில் பொறாமைப்பட்டது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். தடுக்க வேண்டும் என்றுதான் நின்றேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அருண் வேலையும் வீடும் இல்லாமல் போனான், சரி. ஆனால் பாஷை தெரிந்த ஊருக்குத்தானே போனான்? நாங்கள் அதுவும் இல்லாமல் போகிறோம். இதைத் தாங்கள் உறவினர் எல்லோரிடமும் தாராளமாகச் சொல்லலாம். வியாழக்கிழமை காலையில் புறப்படுகிறோம். அருணிடம் மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு முன்னால் போய் வீடு பார்த்து வைத்துவிடுவான்.