சத்தம் போட நாற்பது பேர்

பந்து இரண்டு கம்புகளுக்கும் நடுவே புகுந்து போனதுதான் தாமதம், மூங்கில் தோட்டத்து ஆட்கள் நாற்பது பேரும் எழுந்து நின்று கூவினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். கறுப்பையா தப்பு மேளத்தை எடுத்து வெளுத்து வாங்கினான்.

கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். பந்தை அடித்தது எதிராளி.

"உக்காருங்க! ஐயோ, உக்காருங்க! அது நாம போட்டது இல்ல, நமக்குப் போட்டது!"

"கம்புக்குள்ள பந்து போனா கூவணும்னு நீங்கதானேங்க சொன்னீங்க?" என்றாள் முன்வரிசையில் நின்ற பாப்பம்மா. கோப்பிப் பழம் பறிப்பதில் தோட்டத்திலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. வாயிலும் அப்படித்தான்.

"நம்ம தொரை அடிச்சாத்தான் கூவணும்!"

"பந்து ஒண்ணுதானேங்க இருக்கு. யாரு அடிச்சா என்னா?"

போகம்பறைத் திடலின் நடுவில் தோட்டத்துப் பெரிய துரை இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தம் கழுத்தில் வந்து விழுந்ததுபோல் முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்டிக்கு ரயில் வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ரயிலில் கோப்பி மூட்டைகள் இறங்கிப் போயின. திரும்பி வரும்போது அது கொண்டுவந்த சனியன்களில் ஒன்று இந்த உதைபந்து. கோப்பி இலைகளில் மஞ்சள் பொடி பூத்துத் தோட்டமே நோயில் கிடந்தது. துரையோ காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு வந்தால் இலையைப் பார்க்காமல் பந்தைப் பற்றிப் பேசினார்.

போன மாதம் பிலிமத்தலாவைப் பக்கத்துப் பாலத்தடித் தோட்டத்தோடு விளையாடி மூங்கில் தோட்டம் தோற்றது. அன்றைக்குப் பாலத்தடி ஆட்கள் மேளமும் கொம்புமாக வந்து திடலையே அதிர வைத்தார்கள். இவர்கள் பக்கம் வெற்றிலை இடிக்கிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. தோற்றதற்குக் காரணம் தம் கால் அல்ல, தம் ஆட்களின் வாய்தான் என்று துரை அன்றே முடிவு கட்டிவிட்டார்.

"முத்துலிங்கம், நீ நாப்பது ஆள் கொண்டு வா. பெரிய சத்தம் வேணும். சத்தம் இல்லை, நீ மம்பட்டி எடு, புல்லு வெட்டு."

பதினோரு வருஷம் பேனா பிடித்த கை. மண்வெட்டியை நினைத்தாலே உள்ளங்கை எரிந்தது. ஆகவே கெலிஓயாப் பக்கத்து மலையிலிருந்து ஏழு மைல் தூரம் நாற்பது பேரையும் நடத்திக் கூட்டிவந்தார். சனிக்கிழமை வேலை கெட்டுப்போகக் கூடாதாம். அதை ஞாயிற்றுக்கிழமை செய்து முடிக்க வேண்டுமாம். அதையும் அவர்தான் ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு லயம் போய்ச் சொன்னார்.

"இந்தா பாருங்க," என்று இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டார். "செவப்புத் தொப்பி போட்டவங்க நம்ம ஆளு. வெள்ளைத் தொப்பி போட்டவங்க பாலத்தடி. செவப்பு அடிச்சா கூவுங்க. வெள்ளை அடிச்சா வாயத் தொறக்காதீங்க. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க."

"என்னா வெளங்குச்சு?"

"செவப்புன்னா கூவணும்," என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். முத்துலிங்கத்துக்கு மூச்சு வந்தது.

கால்மணி நேரத்தில் துரைமார் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் குவியலாக விழுந்து எழுந்தார்கள். எழுந்தபோது தலையில் தொப்பியும் இல்லை, உடம்பில் நிறமும் இல்லை. எல்லாம் சேறு. அதில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட, நாற்பது பேரும் கூவினார்கள். அவர் பாலத்தடித் துரை.

"இப்ப எதுக்குக் கூவுனீங்க?"

"தொப்பி விழுந்து போச்சுங்களே," என்றான் கறுப்பையா. "தொப்பி இல்லாட்டி எல்லாத் தொரையும் ஒரே மாதிரிதாங்க இருக்காங்க."

"உங்களுக்குப் படி அளக்குற தொரையைத் தெரியாதாடா?"

"குதிரை மேல இருந்தா தெரியுங்க."

முத்துலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே பாலத்தடி ஆட்கள் எவ்வளவு அடக்கமாக நின்றார்கள்! தங்கள் துரை முதல் பந்தைப் போட்டபோதுகூட அவர்கள் ஆடவில்லை, அசையவில்லை. மூங்கில் துரை பந்தோடு ஓடினால் மட்டும் மேளத்தைப் போட்டு முழக்கினார்கள். எதிராளியை மிரட்ட அல்லவா அந்த முழக்கம்! எவ்வளவு யோசனை, எவ்வளவு கட்டுப்பாடு. தமக்கு வாய்த்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தி மடியிலிருந்து அவித்த கிழங்கை எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

தொப்பி வேண்டாம், நிறம் வேண்டாம். வேறு வழி தோன்றியது.

"இனி நீங்க ஆட்டத்தையே பாக்க வேணாம். என்னையப் பாருங்க. இந்தக் குடை மேல போனா கூவுங்க. கீழ வந்தா நிறுத்துங்க. இதுலயாச்சும் தப்பு வராதே?"

"இதுல என்னாங்க தப்பு வரும்?" என்றாள் பாப்பம்மா.

முதல் இரண்டு தடவை சரியாகத்தான் நடந்தது. குடை ஏறியது, சத்தம் ஏறியது. குடை இறங்கியது, சத்தம் இறங்கியது. முத்துலிங்கத்தின் முகத்தில் அன்று முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. அப்போது பார்த்து, ஹந்தானை மலைப்பக்கமிருந்து மழை வந்தது. கண்டி மழை சொல்லிக்கொண்டா வரும்? பழக்கதோஷத்தில் அவர் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்தார்.

நாற்பது பேரும் கூவத் தொடங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் பெரிய துரை எதிராளியின் கம்புகளுக்கு முன்னால் தனியாக நின்றார். குறுக்கே ஆள் இல்லை. காலைப் பின்னால் தூக்கிக் குறிபார்த்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் குலவையும் தப்பும் ஊளையும் ஒன்றாகக் கிளம்பின. திடுக்கிட்டுத் திரும்பியவர், ஊன்றிய கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். பந்து தானாக உருண்டு போய்விட்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"குடை மேலதானேங்க இருக்கு!" என்று கத்திக்கொண்டே கூவினார்கள்.

குடையை மடக்கினார். சத்தம் நின்றது. மழை அவர் தலையில் கொட்டியது. ஆட்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு சௌகரியமாக நின்றார்கள்.

இடைவேளையில் துரை வந்தார். மூக்கிலிருந்து சேறு சொட்டியது.

"முத்துலிங்கம்! நீ யாருக்குக் கணக்கப்பிள்ளை? எனக்கா, பாலத்தடிக்கா?"

"தொரைக்குத்தாங்க."

"இனி தப்புச் சத்தம் வேண்டாம். வந்தா, திங்கக்கிழமை மம்பட்டி."

அவர் போனதும் கறுப்பையா தப்பைக் கீழே வைத்தான். "தப்புச் சத்தம் வேணாம்னு தொரையே சொல்லிட்டாருங்களே."

"அவரு சொன்னது அந்தத் தப்பு இல்லடா!" முத்துலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

வெட்கத்தை விட்டு, திடலைச் சுற்றிக்கொண்டு பாலத்தடிக் கணக்கப்பிள்ளை சண்முகநாதனிடம் போனார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆள் கெட்டிக்காரர் என்று பெயர்.

"ஒங்க ஆளுகளை எப்படிங்க இப்படிப் பழக்கி வச்சிருக்கீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

சண்முகநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருந்தது. "என்ன, பகிடி பண்ணுறீரோ? நான் சொல்லுறதை ஆர் கேக்கினம்? எனக்கு விசர்தான் பிடிக்குது. போம், போய் உம்மட வேலையைப் பாரும்."

தொழில் ரகசியத்தை யார்தான் வெளியில் சொல்வார்கள்? முத்துலிங்கம் மனம் நொந்து திரும்பினார்.

மறுபாதி தொடங்கியது. அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி.

"கறுப்பையா, நீ மட்டும் அடி. கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு அடிப்பியே, அந்த அடி. கேட்டா தொரைக்கு உற்சாகம் வரணும். மத்தவங்க மூச்சு விடக் கூடாது."

கறுப்பையா அடித்தான். ஈரம் ஏறிய தோலிலிருந்து ஒரு சோகமான 'தொம்' கிளம்பியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'தொம்'. கேட்டவர் எவருக்கும் சந்தேகம் வராது. அது சாவு அடி.

"என்னாடா இது?"

"நனைஞ்ச தப்புக்கு இந்த அடிதாங்க வரும். காய வைக்க நெருப்பு இருக்குங்களா?"

நெருப்புக்கு எங்கே போவது என்று அவர் யோசிப்பதற்குள், பாப்பம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"சிங்கம்போல வந்த தொரை... சேத்துல விழுந்தாரே..."

மற்றப் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு சேர்ந்தார்கள். ஒப்பாரி திடல் முழுக்கப் பரவியது. கடைத்தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முத்துலிங்கம் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

லயத்தில் யாராவது செத்தால் எழும் அந்த ராகம் துரைக்கு நன்றாகத் தெரியும். தமக்காகத்தான் அழுகிறார்கள் என்பதும் தெரிந்துபோயிற்று. முகம் சேற்றையும் மீறிச் சிவந்தது. ஒரு உறுமல் உறுமினார். பந்தைப் பிடுங்கிக்கொண்டு காட்டுப்பன்றி மாதிரி ஓடினார். குறுக்கே வந்த இரண்டு துரைமார் இரண்டு பக்கமும் தெறித்து விழுந்தார்கள். பந்து கம்புகளுக்குள் புகுந்தது.

ஒப்பாரி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கிளம்பியது. துரை முன்னைவிட வெறிகொண்டு ஓடினார். இரண்டாவது பந்தும் புகுந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்ததாகக் கை தூக்கினார்கள்.

மூங்கில் தோட்டம் ஜெயித்துவிட்டது!

துரை நேராக முத்துலிங்கத்திடம் வந்து முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சேறு நாலு பக்கமும் தெறித்தது. "நல்ல சத்தம், முத்துலிங்கம்! எனக்குக் கோபம் வந்தது, கால் வந்தது. உன் ஆள் ரொம்ப நல்ல ஆள்!"

முத்துலிங்கத்துக்கு நிலத்தில் கால் பாவவில்லை. மண்வெட்டி கண்ணிலிருந்து மறைந்தது. அந்த நாற்பது பேரையும் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பூரிப்போடு திரும்பினார்.

நாற்பது பேரும் தலையில் கை வைத்துச் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பையா தப்பின் மேல் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தான். ஒரு பெண் உண்மையாகவே மூக்கைச் சிந்தினாள். எதிர்ப்பக்கமோ, தோற்றுப்போன பாலத்தடி ஆட்கள் மேளம் முழங்க ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் குதித்து ஆடினார்கள். நடுவில் நின்ற சண்முகநாதன் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

முத்துலிங்கத்தின் பொறுமை அறுந்தது.

"அடப் பாவிகளா, ஜெயிச்சிருக்கோம்! தோத்தப்ப கூவுனீங்க, ஜெயிச்சா அழுவுறீங்க. அங்க தோத்தவன் ஆடுறான். எது ஜெயிப்பு, எது தோப்புன்னுகூடவா உங்களுக்கு வெளங்கல?"

பாப்பம்மா கம்பளியைப் பிழிந்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜெயிச்ச தோட்டத்து ஆளுகதான் வர்ற சனிக்கெழமை இதைவிடத் தூரத்துல இருக்குற நாவலப்பிட்டி வரைக்கும் நடந்து போயிக் கூவணும்னு தொரையோட குதிரைக்காரரு ரெண்டு தோட்டத்துலயும் சொன்ன நாள்லருந்து, நம்ம தொரையைத் தோக்கடிக்க நாங்களும் அவங்க தொரையைத் தோக்கடிக்க அவங்களும் படாத பாடு பட்டோம், நீங்கதாங்க ஐயா, கடைசில அந்தத் தப்பை அடிக்கச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துட்டீங்க!"