என் பெருத்த உடம்புக்கு ஒரு வேண்டுதல்

உடற்பயிற்சி செய்தே எடை கூடிய மனிதரை நீங்கள் பார்த்ததில்லை என்றால், மைசூருக்கு வந்து என்னைப் பார்க்கலாம். (விலாசம் வேண்டாம், தூரத்திலிருந்தே தெரிவேன்.)

ஆபீஸில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றார்கள். அன்றைக்கே என் மனைவி வசந்தி சமையலறையைப் புரட்டிப் போட்டாள். காலையில் முளைகட்டிய பயறு, மதியம் கைப்பிடிச் சோறும் கீரையும், இரவு ராகி உருண்டை. நான் மட்டும் பத்தியம் இருந்தால் ஏக்கமாக இருக்கும் என்று அவளும் அதையே சாப்பிட்டாள். கல்லூரியில் படிக்கும் மகள் கீர்த்தனா, எத்தனை கலோரி எரிந்தது என்று காட்டும் வாட்ச் ஒன்றை என் கையில் கட்டிவிட்டாள்.

கெடுத்தது அந்த வாட்ச்தான். (தப்பு என் மேல் இல்லை என்று சொல்ல வரவில்லை. கொஞ்சம் சொல்ல வருகிறேன்.)

தினமும் விடிகாலையில் சாமுண்டி மலைப் படிகளில் ஏறி இறங்குவேன். இறங்கியதும் வாட்சில் ஒரு பெரிய எண் நிற்கும். இவ்வளவு எரித்தவன் கொஞ்சமாவது உள்ளே போடாவிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? வீட்டுக்குப் போகிற வழியில், அக்ரஹாரத்தில், வெண்ணெய் வழிய வழிய மசால் தோசை போடும் ஒரு சின்ன ஹோட்டல் இருக்கிறது. சாம்பாரில் பருப்பு, அது புரதம். சட்னியில் தேங்காய், அது நல்ல கொழுப்பு. உருளைக்கிழங்கு மண்ணில் விளைகிறது, ஆகவே இயற்கை. இந்த ஞானத்தில் ஒரு தோசை இரண்டானது. பின்னாலேயே, கேசரிபாத் என்று இங்கே சொல்லும் ரவா கேசரியும் வந்து உட்கார்ந்தது. அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பயறைப் பாதி மென்றுவிட்டு, "போதும் வசந்தி, பசிக்கல" என்று தட்டைத் தள்ளுவேன்.

சட்டைப் பொத்தான்கள் விடைபெறத் தொடங்கின. முதலில் கிண்டல் செய்த வசந்தி, பிறகு வீக்கமோ என்று என் கால்களை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுடைய அப்பா சாப்பாடு இறங்காமலே உடம்பு ஊதி, சிறுநீரகம் கெட்டுப் போனவர். "அப்பாவுக்கும் இப்படித்தான்டி ஆரம்பிச்சது" என்று அவள் கீர்த்தனாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். என் வாய் அந்த நாட்களில் தோசைக்கு மட்டும்தான் திறந்தது.

டாக்டரிடம் அழைத்துப் போனாள். "காக்கா கொத்துற மாதிரிதான் சாப்பிடறார் டாக்டர். தினம் மலை ஏறுறார். அப்புறமும் ஏன் ஊதுது?"

அவர் ரிப்போர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சர்க்கரையத் தவிர எல்லாம் சரியாத்தானே இருக்கு. சார், வெளிய ஏதாவது சாப்பிடறீங்களா?"

நான் பதில் யோசிப்பதற்குள் வசந்தி முந்திக்கொண்டாள். "ஐயோ, இவரா!" அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டுவிட்டு, நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துக்கு என்னோடு அவளும் வந்தாள், மஞ்சள், குங்குமப் பொட்டலங்களோடு. ஒவ்வொரு படிக்கும் குனிந்து பொட்டு வைத்துக்கொண்டே உச்சிவரை ஏறுவது இங்கே பெரிய வேண்டுதல். மூட்டுவலிக்காரி அதை எனக்காக வேண்டிக்கொண்டிருந்தாள்.

"குடு, நான் வைக்கிறேன்."

"நீங்க சும்னிரி. முடியாதவர் குனியக் கூடாது." (சும்மா இருங்கள் என்பதைக் கன்னடத்தில் சொன்னால், எங்கள் வீட்டில் அது உத்தரவு.)

நந்தி சிலைக்குக் கொஞ்சம் கீழே, மேலிருந்து இறங்கி வந்தார் பழனிசாமி. கொள்ளேகாலத்துக்காரர், பட்டுநூல் வியாபாரி, மலையிலும் தோசையிலும் என் கூட்டாளி.

"ஏனுங் தங்கச்சி, யாருக்குங்க வேண்டுதல்?"

"இவருக்குத்தாண்ணா. ஒண்ணுமே சாப்பிடறதில்ல, உடம்பு மட்டும் ஊதிட்டே போகுது. டாக்டருக்கே புரியல."

நான் வசந்தியின் முதுகுக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, தொப்பையைத்தான் பார்த்தார். சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பிடறதில்லீங்களா! நேத்து நா ஒரு தோசைய முடிக்கறக்குள்ள இவுரு கேசரிபாத்துக்குப் போயிட்டாருங்க. இவுரு தலையத் தெருமுனைல பாத்தாலே ஓட்டல்காரரு கல்லுல மாவ ஊத்தீருவாரு!"

வசந்தியின் குங்குமம் தொட்ட விரல் அப்படியே நின்றது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "அப்பா மாதிரி ஆயிடுவீங்கன்னு..." கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் குங்குமம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பழனிசாமி சிரிப்பை விழுங்கிக்கொண்டு, அவிழாத ஷூ நாடாவை ஒருமுறை கட்டிவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

வசந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். பொட்டலங்களை என் கையில் திணித்தாள்.

"சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான். மீதிப் படிக்கு நீங்க வைங்க."

"எல்லாத்துக்குமா?"

"வாட்ச்ல நல்லா எரியும். குனிங்க."

குனிந்தேன். வழியில் ஓர் அம்மாள் தன் கணவரை இடித்து, "நோடி, பாருங்க, பெண்டாட்டிக்காக எப்படிப் பண்றார்!" என்று என்னைக் காட்டினாள். பக்கத்தில் குங்குமக் கன்னத்தோடு நின்ற வசந்தி அடுத்த படியைக் காட்டினாள். அந்த மலையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதற்குத்தான் தலை இன்னும் கீழே போனது.

இப்போது இருவரும் சேர்ந்தே நடக்கிறோம். சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் பசிக்கவில்லை என்று சொல்லும் உரிமை எனக்குப் போய்விட்டது. போன மாதம் நிஜமாகவே காய்ச்சல். இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். கீர்த்தனா உடனே பழனிசாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இல்லீங்க கண்ணு, இன்னிக்கு ஓட்டல் பக்கமே வல்லீங்க" என்று அவர் சத்தியம் செய்த பிறகுதான், வசந்தி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.