ஃபைட்டர் மீனுக்கு வாங்கிய மோட்டார்

தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் சொந்த வீடு கட்டிய எவனுக்கும் தண்ணீரைப் பற்றி ஒரே கவலைதான்: அது மேலே ஏற வேண்டும். போர்வெல்லிலிருந்து தரையடிச் சம்ப்புக்கு, சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு. கோவிலம்பாக்கத்தில் ஒருவனை மதிப்பது அவன் படிப்பைப் பார்த்தோ பக்தியைப் பார்த்தோ அல்ல. அவன் வீட்டு மோட்டார் எவ்வளவு சீக்கிரம் தொட்டியை நிரப்புகிறது என்பதைப் பார்த்துத்தான். (என் மோட்டாருக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.) இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு ஒருவன் மீன் தொட்டிக்கு ஃபில்டர் வாங்கப் போகக் கூடாது. நான் போனேன்.

மீன் என்னுடையதல்ல, என் மாமனாருடையது. அனகாபுத்தூரில் இருந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியில் நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்றை வளர்த்தார். திடீரென்று ஒரு நாள் நெஞ்சு வலி என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மாமியாரை எங்களோடு அழைத்து வந்தோம். அத்தை கொண்டுவந்தது ஒரு பெட்டித் துணி, ஒரு பைபிள், மடியில் அந்தத் தொட்டி. கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தண்ணீர் சிந்திச் சேலை நனைந்தது. அவர் துடைத்துக்கொள்ளவே இல்லை.

அடக்கத்தன்றும் அத்தை அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். ஆனால் மீனிடம் பேசுவார். "சாப்ட்டியா? அவரு இருந்தா இன்னும் ரெண்டு போட்டிருப்பாரு" என்று காலையில் தீனி போடும்போது குரல் கேட்கும். என் மனைவி ஷீலா அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அந்த மீனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மா என்ன ஆவாங்கன்னே தெரியலைங்க" என்றாள் ஒரு நாள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

நான் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். எதையாவது வாங்கிப் போட்டால் எந்தக் கஷ்டமும் தீர்ந்துவிடும் என்பது என் மதம். அத்தையின் துக்கத்துக்கு நான் முதலில் வாங்கியது நடைப்பயிற்சி ஷூ. பிறகு எங்கள் தெரு வாக்கிங் குழுவில் பெயரைக் கொடுத்தேன். சர்ச் பெண்கள் சங்கத்தில் சேர்த்தேன். ஸ்மார்ட்போன் வகுப்பில் உட்கார வைத்தேன். "சும்மா இருந்தா மனசு துருப்பிடிச்சிடும் அத்தை" என்பேன். "சரி மாப்ள" என்று செருப்பைத் தேடுவார். (நான் எவ்வளவு நல்ல மருமகன் என்று எனக்கே புல்லரிக்கும்.)

மாமாவின் முதலாண்டு நினைவு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் என்று முடிவானது. அப்போதுதான் மீனைக் கவனித்தேன். அது நாள் முழுக்க ஓர் இலைக்கடியில் அசையாமல் கிடந்தது. தண்ணீரும் லேசாகக் கலங்கியிருந்தது. போகப் போகிறது, அதுவும் கூட்டத்துக்கு முன்னால் போகப் போகிறது!

இராப்பகலாக வீடியோ பார்த்தேன். ஸ்பாஞ்சு ஃபில்டர், பின்னால் மாட்டுவது, கீழே வைப்பது என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டேன். ஆபீசில் கிரேன் வாங்கியபோதுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. கடைசியில், யோசித்த எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் தாம்பரத்தில் ஒரு மீன் கடைக்குப் போய் நின்றேன்.

"அண்ணா, இது தண்ணிய எவ்ளோ உயரம் ஏத்தும்?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், மீன் வளக்கப் போறியா, மாடிக்குத் தண்ணி ஏத்தப் போறியா?"

"சும்மா சொல்லுங்கண்ணா."

"தோ கீதே, இத்தக் கீழ வெச்சா ஆள் உசரத்துக்குத் தள்ளும். பெரிய பெரிய ஓட்டல்ல வெக்கிற ஐட்டம். உன்னாண்ட இன்னா மீனு கீது?"

"எல்லாம் நல்ல மீனுங்கதான்" என்றேன். (ஒற்றை ஃபைட்டர் என்று சொன்னால் மதிக்க மாட்டாரோ என்று கூச்சம்.)

"அப்ப யோசிக்காத சார், எட்த்துனு போ. ஒரு பேஜாரும் இல்ல."

புதிதாக ஒரு பெரிய தொட்டியும் வாங்கி, மாமாவின் படத்துக்குக் கீழே மேசையில் வைத்தேன். ஃபில்டர் மேசைக்கு அடியில் உட்கார்ந்தது. அதிலிருந்து ஒரு குழாய் ஏறி, தொட்டியின் விளிம்பில் வளைந்து உள்ளே தண்ணீரைக் கொட்டியது. சுவிட்சைப் போட்டதும் மதகு திறந்த ஏரி மாதிரி சுழன்றது தண்ணீர். மீன் ஓட ஆரம்பித்தது! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, திரும்ப இந்தக் கோடிக்கு, நிற்கவே இல்லை. வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். எல்லோரும் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள்.

அத்தை மட்டும் தொட்டி முன்னால் உட்கார்ந்து, "ரொம்ப ஓடுது மாப்ள" என்றார்.

"ஓடணும் அத்தை! ஓடினாத்தான் உடம்புக்கு நல்லது. நாளைக்கு உங்களுக்கும் வாக்கிங் இருக்கு, மறந்துடாதீங்க."

"சரி மாப்ள."

கூட்டத்தன்று சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. வெள்ளை ஜிப்பாவில் வந்திருந்த பாஸ்டரைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். (மரியாதை பாதி, ஃபில்டரை அவர் பார்க்க வேண்டும் என்பது மீதி.) கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த மாமாவின் தங்கை எஸ்தர், மீனைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தார். "என்னா வேகம்! அண்ணி, நீங்களும் இப்படித்தான் இருக்கணும்." பாஸ்டரும் விடவில்லை. "இந்த மீனைப் பாருங்கள், துக்க வீட்டிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது" என்று அதை வைத்தே தேவ செய்தியை ஆரம்பித்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அப்போது கரண்ட் போனது.

இன்வர்ட்டரில் விளக்கும் ஃபேனும் ஓடின. மீன் தொட்டி பிளக்குக்கு இன்வர்ட்டர் கிடையாது. ஃபில்டரின் இரைச்சல் நின்றது. தண்ணீர் மெல்ல அடங்கியது. மீன் அப்படியே கீழே இறங்கி, ஓர் இலை மேல் ஒருக்களித்துச் சாய்ந்தது.

"ஐயோ, செத்துடுச்சு!" என்று எஸ்தர் அலறினார்.

நான் பாய்ந்தேன். குறுக்கே இருந்த குழாயை விளிம்பிலிருந்து பிடுங்கி இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டேன்.

"கைய எடுங்க மாப்ள."

அத்தை. ஒரு வருஷத்தில் அந்தக் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அது சாகல. தூங்குது. இந்த மோட்டார் வந்ததிலேர்ந்து அத ஒரு நிமிஷம் கண்ண மூட விடல நீங்க." மீனிடமிருந்து என் பக்கம் திரும்பினார். "என்னையுந்தான். எழுந்தா வாக்கிங், வந்தா சங்கம், சாப்ட்டா கிளாஸ். அவரு போயிட்டாருன்னு உக்காந்து அழுறதுக்கு எனக்கு நேரமே குடுக்கலையே மாப்ள."

பாஸ்டர் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

என் கையிலிருந்த குழாய் அவரைப் பார்த்து இருந்தது. ஆள் உயரத்துக்குத் தள்ளும் என்று கடைக்காரர் சொன்னது சத்தியம். பதறிப்போய்க் குழாயைத் திருப்பினேன், எஸ்தர் நனைந்தார். இன்னும் பதறி மேலே தூக்கினேன், மாமா நனைந்தார். ஷீலா ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

மாமாவின் படத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அத்தை எழுந்து வந்து, முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தவர், படத்தில் நெற்றியை வைத்து ஓவென்று அழுதார். "அழாதீங்க அத்தை" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஷீலா என் காலை ஓங்கி மிதித்தாள். யாரும் தடுக்கவில்லை. டீ ஆறிப்போனது. பாஸ்டர், நனைந்த ஜிப்பாவுக்குப் பதிலாக எங்கள் வாக்கிங் குழுவின் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு, தலை குனிந்து கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

அந்த ஃபில்டர் பரண் ஏறிவிட்டது. மீன் பழைய தொட்டிக்கே திரும்பி, இலைக்கடியில் கிடந்து, வெகு நாள் கழித்து வயதாகித்தான் செத்தது. அத்தையே அதைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு, மத்தியானம் முழுக்க அழுதார். நான் எதுவும் வாங்கவில்லை.

இப்போதும் வீட்டில் யாரையாவது பார்த்து, "சும்மா உக்காராதே" என்று நான் ஆரம்பித்தால் போதும், பத்தாவது படிக்கும் என் மகள் ஃபேனை அண்ணாந்து பார்த்து, "கரண்ட் எப்பம்மா போகும்?" என்பாள். கூடுவாஞ்சேரி வரைக்கும் இது பரவிவிட்டது. போன மாதம் என் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, நாற்காலிகளை எண்ணவும் ஷாமியானாக்காரருக்குப் போன் போடவுமாக ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அத்தை எழுந்து போய் விளக்கை அணைத்தார்.

"கரண்ட் போயிடுச்சு மாப்ள. உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.