உரசுற மருந்து

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. தெரிந்துகொள்ளாமலே முன்னுக்கு வந்தவன். குச்சி அடுக்கும் கூலியாக நுழைந்து, இன்று கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறேன். (வெளியூர்க்காரர்கள் தொழிற்சாலை என்பார்கள். எங்களுக்கு அது ஆபீஸ்தான். உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அதில் நான்.)

எங்கள் ஆபீஸில் மருந்து என்றால் தீக்குச்சித் தலையில் முக்குகிற மருந்து. குளோரேட்டு, கந்தகம், வச்சிரப் பசை எல்லாம் சேர்த்து அதைக் கலக்குவதில் இந்தக் கரிசல் சீமையிலேயே என்னை அடிக்க ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவனுக்குக் குடலிறக்கம் வந்தது. குளோரேட்டு டிரம்மைத் தூக்காதீர்கள் என்று சொன்னவர்களுக்கு முன்னால் தூக்கிக் காட்டியதில் வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்போம் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள்.

படுத்திருப்பது கஷ்டமில்லை. அங்கே என் மகன் மருந்து கலக்கிக்கொண்டிருக்கிறானே, அதுதான் கஷ்டம். அவன் கலக்கினால் குச்சி பற்றாது, அல்லது ஆபீஸே பற்றும். இரண்டில் ஒன்று நடப்பதற்குள் நான் போயாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் புதூரிலிருந்து என் மச்சினன் செல்லையா ஒரு பொட்டலத்தோடு வந்தான். சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, நாவல்கொட்டை எல்லாம் சர்க்கரைக்கென்று இடித்த பொடி.

"அத்தான், ஊசி ஒரு பக்கம் இழுக்கட்டும், பொடி ஒரு பக்கம் இழுக்கட்டும். ரெட்டை மாடு பூட்டுன வண்டி கணக்கா ஓடிரும்லா?"

எனக்கு அது அபாரமான யோசனையாகப் பட்டது. என்னைப்போலவே யோசிக்கிறவனும் உலகத்தில் இருக்கிறான் என்று சந்தோஷம் வேறு. செல்லையா கசாயம் வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வருவான். என் வீட்டுக்காரி பேச்சியம்மாளிடம் சுக்குக் காப்பி என்று சொல்லி வைத்திருந்தோம்.

டாக்டரம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. பொடி வந்த அன்றைக்கே கேட்டார்: "ஐயா, நாங்க குடுக்கறது தவிர வேற மருந்து எதாச்சும் உண்டுங்களா?"

"மருந்தா? அதை இப்போ மகன்கிட்ட விட்டுட்டேம்மா. நான் தொடுததே இல்ல" என்றேன்.

டாக்டரம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லதுங்க" என்று போய்விட்டார். (கசாயத்தை மறைக்கவில்லை, சத்தியமாக. கசாயம் மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை.)

மூன்றாம் நாள் காலை ஊசியும் போட்டார்கள். ஃபிளாஸ்கையும் காலி செய்தேன். பக்கத்துக் கட்டில்காரரிடம், "என் உடம்பு நான் சொன்னா கேக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி இரண்டாகத் தெரிந்தார். வேர்த்து ஊற்றியது. கை உதறியது. உடம்பு நான் சொன்னதைக் கேட்காமல் கட்டிலிலிருந்து சரிந்தது.

கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தேன். காது மட்டும் கேட்டது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பேச்சியம்மாளை விசாரித்தார்.

"நாங்க போட்ட ஊசிக்கு சர்க்கரை இவ்வளவு இறங்காதுங்க. மறைக்காம சொல்லுங்க. வேற மருந்து உண்டா?"

"மருந்தா? இங்கன வாரதுக்கு முந்திகூட அவிய கையாலேயே கலக்கிட்டுத்தானே வந்தாவ!"

"விட்டுட்டேன்னு சொன்னாரே! என்ன போட்டுக் கலக்குவாரு?"

"குளோரேட்டு, கந்தகம், பிறவு அந்த வச்சிரப் பசை..."

"கந்தகமா! எவ்வளவு நாளா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து எனக்குத் தெரியும்மா. அவிய கலக்குனாத்தான் சரியா வரும்."

"வேற யாருக்காச்சும் குடுத்திருக்காரா?"

பேச்சியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "கேரளா வரைக்கும் லாரியில போவுதுல்லா!"

பக்கத்துக் கட்டில் அண்ணாச்சி தலையணைக்கு அடியில் வைத்திருந்த பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாராம். டாக்டரம்மா, "சிஸ்டர், டியூப் கொண்டு வாங்க, வயித்தைக் கழுவணும். போலீசுக்கும் சொல்லணும்" என்று கத்தினார்.

டியூப் என்ற சொல் குளுக்கோஸைவிட வேகமாக எனக்குள் ஏறியது. கண் திறந்தது. மூக்குக்கு நேராக நர்ஸ் கையில் ஒரு குழாய்.

"ஏம்மா, அது குச்சிக்குப் போடுத மருந்து!" என்று அலறினேன். "நான் குடிச்சது பொடி. சர்க்கரைக்கு. அந்தா, ஃபிளாஸ்கு!"

டாக்டரம்மா ஃபிளாஸ்கை மோந்து பார்த்தார். பேச்சியம்மாளும் மோந்து பார்த்தாள்.

"இதுதான் சுக்குக் காப்பியா?" என்றாள். டியூபையே ஏற்றியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

டாக்டரம்மா அப்புறம்தான் பெருமூச்சு விட்டார். "ஐயா, பொடி குடிச்சதுக்குக் கோபம் இல்லீங்க. ஊசியும் பொடியும் ஒரே வேலையைச் செய்யறப்ப, ரெண்டும் சேர்ந்து உங்களையே இறக்கிரும். குடிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சாயங்காலம் செல்லையா வந்தான். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "பாத்தீயளா அத்தான், எம் பொடி வேலை செய்யுதுல்லா!"

ஆபரேஷன் தள்ளிப்போனது. பொடியை நிறுத்தி, சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் கத்தி வைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் மகன் கலக்கிய குச்சி என் குச்சியைவிட நன்றாகப் பற்றுகிறது. (இதை அவனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.)

இப்போதெல்லாம் டாக்டரம்மா என்னிடம் தனித்தனியாகக் கேட்கிறார்: "பொடி? கசாயம்? லேகியம்? சுக்குக் காப்பி?" நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

வீட்டில் அந்த மரியாதைகூட இல்லை. சாப்பிட்டு எழுந்து மாத்திரையை வாயில் போட்டால் போதும், என் பேத்தி அடுப்படி வாசலில் நின்று கையை விரித்து மறித்துக்கொள்வாள்.

"தாத்தா, மருந்து தின்னுட்டு இங்கன வராதீய. அம்மா அடுப்பு பத்த வைக்கா!"